அடம்பம்பூவைக் காயவைத்தது நான்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கதிரையில் இருப்பதற்கு முன்னமே ஒரு கேள்வி கேட்பார்கள். ஹோலின் இரண்டு யன்னல்களுக்கும் நடுவே, வெயில் படாத சுவரில், கைக்குட்டை அளவான ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. உள்ளே ஓர் அடம்பம்பூ. கடற்கரை மணலில் கொடியோடிக் கிடக்கும் அதே அடம்பன்தான். எவரும் குனிந்து பார்க்காமல் மிதித்துக்கொண்டு போகிற பூ. இங்கே அது கண்ணாடிக்குள் ஊதா நிறம் மாறாமல், ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலைகளோடும் ஒரு துண்டுக் கொடியோடும், இப்போதுதான் விரிந்த மாதிரி இருக்கிறது. போன கிழமை கறண்ட் மீற்றர் பார்க்க வந்தவர்கூடப் பேனையைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "இது உண்மைப் பூவோ அம்மா? ஆர் செய்தது?" என்று கேட்டார். நானும் எப்போதும் சொல்வது போல, "பூவைக் காயவைச்சது நான். கண்ணாடி போட்டது எங்கட பள்ளிக்கூடத்து மனையியல் ரீச்சர்" என்றேன். முதல் வசனம் அவருடைய காதில் விழவேயில்லை. "ஓ, அந்தக் கிண்ணியா ரீச்சரோ? அவவின்ட கை கைதான்!" என்று சொல்லிவிட்டு மீற்றரைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கினால் இந்த எரிச்சல் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், அடங்கவில்லை. அந்தப் பூவை இறக்கக்கண்டிக் கடற்கரையில் முழங்காலில் இருந்து பறித்தவள் நான். விடியப்புறம் விரிந்து மத்தியானத்துக்குள் சுருண்டுவிடுகிற பூ அது. இதழ் வெங்காயத் தோலிலும் மெல்லியது. கையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேரும் வரைக்கும் பொறுக்காது. ஆகவே அமத்துகிற பலகையையே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், மணலில் வைத்தே ஒற்றுத்தாளுக்கு நடுவில் பூவை விரித்து, வாரை இறுக்கிக் கட்டினேன். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. பலகை நகராமல் அதற்கு மேலே ஏறிக் குந்திக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக நான் காயவைத்த அத்தனை அடம்பம்பூக்களிலும் நிறம் போகாமல் நின்றது அந்த ஒன்றுதான். இதெல்லாம் மீற்றர் பார்க்க வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஆய்வுகூட யன்னலைத் திறந்தால் கோதுமை இறக்க வந்து நிற்கும் கப்பல் தெரியும். அந்த யன்னலுக்குக் கீழேதான் என்னுடைய பலகைகள் இருந்தன. சோடி சோடியாகப் பலகை, பழைய சூட்கேசில் இருந்து கழற்றிய வார், பழைய பத்திரிகைத் தாள், ஒற்றுத்தாள். செடியை வேரோடு பிடுங்கி, மண் கழுவி, இலையின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் தெரிய விரித்து அமத்த வேண்டும். முதல் நாட்களில் தினமும் தாள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் செடியின் ஈரமே செடியைக் கறுக்க வைத்துவிடும். காய்ந்த பிறகு கடதாசி அட்டையில் ஒட்டி, கீழே வலப்பக்க மூலையில் தாவரப் பெயர், குடும்பம், எடுத்த இடம், எடுத்தவர் என்று ஒரு சீட்டு. பூச்சி வராமல் அலுமாரித் தட்டில் கராம்பு. திருகோணமலைக் கடற்காற்றில் காகிதத்தையே காயவைத்து எடுப்பது பெரும்பாடு. நான் ஒரு அலுமாரி நிறையச் செடி காயவைத்து வைத்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் சரியான பெருமை.

அந்த மனையியல் ரீச்சர் எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தது கிண்ணியாப் பாலம் திறந்து கொஞ்சக் காலத்தில். அதுவரைக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரையில் இருந்து வர வேண்டும். "இனிப் பாதைக்கு நிக்கத் தேவையில்ல, பஸ்ஸில ஏறினா ஸ்கூல் வாசல்" என்று வந்த முதல் நாளே ஸ்டாஃப் ரூமில் சிரித்துக் கதைத்தார். அந்தச் சிரிப்புக்கே பாதி ஸ்டாஃப் ரூம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு நாள் இடைவேளையில், சாப்பாட்டுப் பெட்டி நிறையச் செவ்வரத்தையும் காகிதப்பூவும் ரோசாவுமாக என் ஆய்வுகூடத்துக்கு வந்தார். "ரீச்சர், நான் கொப்பிக்குள்ள வெச்சா எல்லாம் கறுத்துப்போகுது. நீங்க எப்பிடிக் காய வெக்கிறீங்க? சொல்லித் தாங்களன்." எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தேன். செவ்வரத்தைக்குப் பசைத்தன்மை கூட, தாளோடு ஒட்டிக்கொள்ளும். காகிதப்பூ ஒன்றும் செய்யாமலே காயும். மல்லிகை என்ன செய்தாலும் மண்ணிறமாகும். பனி ஈரத்தோடு பறிக்கக் கூடாது. காய்ந்த பூவுக்கு வெயில்தான் எதிரி. பலகை இல்லையென்றார், என்னுடையதில் ஒரு சோடியைக் கொடுத்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் கையைப் பிசைகிறேன்.

ஒரு தவணை முடிவதற்குள் அவருடைய அறை வேறு ஒரு உலகமாகிவிட்டது. ரோசாவை முழுதாக அமத்தினால் நடுவில் ஈரம் நின்று பழுதாகும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? பூவைப் பிய்த்தார். இதழ் இதழாகப் பிரித்துக் காயவைத்து, பிறகு வெளியிதழில் இருந்து உள்ளிதழ் வரைக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டித் திரும்ப ஒரு ரோசாவை உண்டாக்கினார். எனக்கு அது கொலைபாதகம் மாதிரி இருந்தது. ஆனால் பார்த்தால், பறித்த பூவைவிட வடிவு. காகிதப்பூவை வைத்து வாழ்த்து மட்டை. பெருநாளுக்குப் பிறை, தீபாவளிக்குச் சுடர். பன்னம் என்கிற பெரணிச் செடியின் இலையை மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் லேசாகத் தேய்த்து ஒரு விளக்கு மூடி. பல்பைப் போட்டால் இலை நரம்பு சுவர் முழுக்கத் தெரியும். மெழுகுதிரியில் இதழை ஒட்டி அதன் மேல் சூடான மெழுகில் ஒரு முக்கு. தேநீர்த் தட்டத்துக்குக் கண்ணாடியின் கீழ் பூக்கோலம். பிறகு போன் கவருக்குள் பூ, சாவிக்கொத்தில் பூ. புத்தகத்துக்குள் வைக்கிற அடையாள மட்டையைப் பாடசாலை முழுக்கப் பிள்ளைகள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். கண்டறியாத மட்டை! என்னுடைய அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு பிள்ளை ஒரு நாள் கேட்டிருக்குமா?

பாடசாலைக் கண்காட்சிக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து பெரியவர் ஒருவர் வந்தார். ரீச்சரின் மேசைக்கு முன்னால் நின்றவர் நின்றபடியே நின்றார். தன் மனைவிக்கு என்று ஒரு விளக்கு மூடியும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு என் மேசைக்கு வந்து, நான் வேரோடு ஒட்டி வைத்திருந்த கீழ்க்காய்நெல்லியைப் பார்த்து, "இது என்ன, மூலிகையோ? சலரோகத்துக்குக் குடிக்கலாமோ?" என்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிலும் மோசம். பக்கத்து மேசையில் இருந்து ரீச்சர் குரல் கொடுத்தார்: "சேர், இதெல்லாம் எனக்குப் படிப்பிச்சது சயன்ஸ் ரீச்சர்தான். அவங்க இல்லாட்டி ஒண்டும் இல்ல." இப்படித்தான் அவர் எல்லா இடத்திலும் சொல்வார். அதிபரிடம் சொன்னார், பெற்றோர் கூட்டத்தில் சொன்னார், கன்டீன்காரரிடம்கூடச் சொன்னார். ஒரு ஆள் நம்முடைய வித்தையைக் களவெடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். இந்த மனுசி ஊர் முழுக்க என் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தால் நான் எந்த வாயால் திட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். எல்லோரும் என்னைப் பெருந்தன்மையான ஆள் என்று நினைத்தார்கள்.

பகிடிக்கும் அவரிடம் குறைவில்லை. ஒரு நாள் பலகையில் இருந்து எடுத்த செடிகளை ஆறவிட ஆய்வுகூட விறாந்தையில் ஒரு தட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். எங்கள் நகரத்தில் மான்கள் ரோட்டில் திரிவது புதினம் இல்லை. கேற் திறந்து கிடந்தால் உள்ளே வரும். திரும்பி வந்தபோது ஒரு புள்ளிமான் என் செடிகளைக் கடைசித் தண்டு வரைக்கும் தின்று முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என்னையே பார்த்தது. ஸ்டாஃப் ரூமில் ரீச்சர் சொன்னார்: "பாத்தீங்களா, சயன்ஸ் ரீச்சர்ட பூவின்ட அருமை மானுக்குத்தான் தெரிஞ்சிரிக்கி." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பானை சட்டியில் கோபத்தைக் காட்டினேன். "இஞ்சரும், உமக்கு அந்த ரீச்சரில வயித்தெரிச்சல். அதைக் கொண்டுவந்து ஏன் சட்டியில காட்டுறீர்?" என்றார் என் கணவர். அவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். எதையும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். என் மகளையும் அவர் கொண்டுபோனதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை. என்னுடைய பாடசாலையிலேயே படித்தாள். என்னோடு கடற்கரைக்கு வந்து பலகையின் மேல் குந்திக்கொண்டிருந்த பிள்ளை, பெரிய வகுப்புக்கு வந்ததும் பாடசாலை விட்ட பிறகு என் ஆய்வுகூடத்தைத் தாண்டி ரீச்சரின் அறைக்குப் போகத் தொடங்கினாள். உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுப்பாள் என்று நான் காத்திருந்தேன், மனையியல் எடுத்தாள். வீட்டில் வாயைத் திறந்தால் ரீச்சர்தான். "அம்மா, ரீச்சர் சொன்னவ, ரோசாவைக் காலமை பறிக்கிறதைவிடப் பின்னேரம் பறிக்கிறது நல்லதாம்." "அம்மா, ரீச்சர் சொன்னவ, குழம்புக்குப் புளியைக் கடைசியிலதான் விடோணுமாம்." "அம்மா, ரீச்சர் சொன்னவ, உங்கட இந்தச் சாறி உங்களுக்கு எடுப்பில்லையாம்." ரீச்சர் சொன்னவ, ரீச்சர் சொன்னவ! சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போது, பெற்ற வயிறு என்பார்களே, அதுதான் எரியும். என் பிள்ளையின் வாயில் என் பேச்சு ஒன்றுகூட இல்லையா என்று இருக்கும்.

அந்த அடம்பம்பூ இந்தக் கண்ணாடிக்குள் வந்ததும் அப்படித்தான். ஒரு பிறந்தநாளுக்கு மகள் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தாள். பிரித்தால் என் பூ. என் அலுமாரியில் இருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், ரீச்சரும் அவளுமாகச் சேர்ந்து பின்னால் மணல் நிறத் தாள் ஒட்டி, ஓரத்தைக் காற்றுப் போகாமல் அடைத்துச் சட்டம் போட்டிருந்தார்கள். வடிவுதான். ஆனால் வலப்பக்க மூலையில் நான் எழுதிய சீட்டைக் காணவில்லை. இடம் இறக்கக்கண்டி என்றும், எடுத்தவர் என்று என் பெயரும் அதற்குக் கீழே பிள்ளையின் பெயரும் எழுதியிருந்த சீட்டு. வெட்டி எறிந்துவிட்டார்கள். "அது வடிவில்லை எண்டு எடுத்துப்போட்டம் அம்மா" என்றாள் மகள். நான் நன்றி சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். அன்றைக்குச் சுவரில் மாட்டியது, இன்று வரைக்கும் தொங்குகிறது. கழற்றி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிக் கழற்றுவது? பூ என்னுடையதல்லவா?

மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் லிங்கநகர் ஆட்கள், கனடாவில் குடியேறியவர்கள். கலியாணப் பதிவு முன்னமே முடிந்து விசா அலுவலும் சரிவந்திருந்தபடியால் மாசி முடிவதற்குள் பிள்ளை பறந்துவிடுவாள். கலியாண மாலையை எங்கள் பக்கத்தில் காயவைத்துப் பாதுகாக்கிற வழக்கம் இல்லை. வாடின பூ வீட்டில் இருக்கக் கூடாது; கடலில் விடுவார்கள், அல்லது காலடி படாத இடத்தில் மரத்தடியில் போடுவார்கள். ஆனால் பிள்ளை மாலையைக் கழற்றின கையோடு, "இதை எறியக் கூடாது, கண்ணாடி போட்டுக் கொண்டுபோகப் போறன். ரீச்சரிட்டக் குடுப்பம்" என்றாள். பக்கத்தில் நின்ற என்னை அவள் பார்க்கவுமில்லை. "ஏன், நான் இல்லையோ?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும். கலியாண வீட்டில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இல்லையம்மா... உங்கட எல்லாம் மண்ணிறமா வரும்." அந்தச் சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. என் கணவர்தான் நடுவில் புகுந்து, "பாதியை அம்மா செய்யட்டும், பாதியை ரீச்சர் செய்யட்டும்" என்று கத்தரிக்கோலை எடுத்து மாலையை நடுவில் வெட்டினார். அவர் பகிடியாகத்தான் வெட்டினார். எனக்கு அது பகிடி இல்லை. கடல் தாண்டிப் போகிற என் பிள்ளையின் சுவரில் என் கையால் செய்தது தொங்க வேண்டும், வருகிற சனம் "ஆர் செய்தது?" என்று கேட்கும்போது அவள் "அம்மா" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாரி அந்த வருடம் விடவில்லை. தை பிறந்தும் மழை. கதவு நிலையெல்லாம் ஊறிப் பூட்டு விழவில்லை. துவைத்த துணி காயாமல் மணத்தது. ரோசாவும் செவ்வந்தியும் கட்டின மாலை. தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த பூ. வெறும் தாளில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மறுநாள் காலையில் ரீச்சர் போன் எடுத்தார்: "ரீச்சர், எங்கட மச்சான்ட பேக்கரியில போறணைக்கு மேல ஒரு தட்டு இரிக்கி. பாண் இறக்கின பிறகு இளஞ்சூடா இரிக்கும். பலகைய அதுல வெக்கப்போறன். உங்கட பாதியையும் தாங்க, ஒண்டா வெப்பம்." நல்ல யோசனை. ஒரு விஞ்ஞான ஆசிரியைக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. "வேண்டாம் ரீச்சர், என்னட்ட வேற வழி இருக்கு" என்றேன். போனை வைத்த பிறகுதான் வேறு வழியை யோசிக்கத் தொடங்கினேன்.

உப்பு! எங்கள் ஊரில் மீன் காய்வதே உப்பில்தானே. பாரைமீனையே காயவைக்கிற உப்பு ரோசாவைக் காயவைக்காதோ? நிலாவெளி உப்பளத்துப் பருவட்டு உப்பை வாங்கிவந்து, பிஸ்கட் ரின்னில் ஒரு படை உப்பு, ஒரு படை பூ என்று அடுக்கி, மூடி, அலுமாரிக்கு மேலே வைத்தேன். சமையல் உப்புக்குள் இருக்கிற வேறு உப்புகள் காற்றில் இருந்தே ஈரத்தை இழுக்கும், மாரியில் உப்புச் சாடி கசிவது அதனால்தான் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பரீட்சைக் கேள்வியாகவும் போட்டிருக்கிறேன். ஆத்திரம் கண்ணை மறைக்கும்போது படிப்பித்தது எங்கே ஞாபகம் வருகிறது? அதிலும் மூடி சரியாகப் பொருந்தாத பழைய ரின். ஒவ்வொரு நாளும் மகள், "அம்மா, திறந்து பாப்பமே?" என்று கேட்க, "பொறு பிள்ளை, அவசரப்படாதை" என்று அவளை விரட்டினேன். பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது எல்லோரையும் கூப்பிட்டு வைத்துத் திறந்தேன். உப்பு முழுக்க அழுது தண்ணீராகி, அதற்குள் ரோசாவும் செவ்வந்தியும் புளித்த மண்ணிறத்தில் மிதந்தன. என் கணவர் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "ஊறுகாய் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். மகள் சிரிக்கவில்லை. என் தோளைத் தொட்டு, "பரவாயில்லை அம்மா" என்றாள். அவள் சிரித்திருக்கலாம். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வாழைக்கு ஊற்றப்போனேன். "உப்புத் தண்ணி, வாழை பட்டுப்போகும்" என்று அவர் பின்னால் இருந்து கத்தினார்.

அந்தப் பின்னேரமே ரீச்சர் தன்னுடைய பாதியோடு வந்தார். வேண்டுமென்று அந்த நேரம் பார்த்து வந்தாரோ என்றுகூட நினைத்தேன். ரோசாவை இதழ் இதழாகப் பிரித்து, காய்ந்ததைத் திரும்பக் கோத்து, செவ்வந்தியை ஓரத்தில் வைத்து, மாலையின் வளைவு அப்படியே தெரியக் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தார். சிவப்பு கொஞ்சம் கறுத்திருந்ததுதான். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோசம். ஆனால் பிள்ளை அதைக் கையில் வாங்கின விதத்தைப் பார்த்தேன். கூறைச்சேலைக்கும் இன்னொரு சேலைக்கும் நடுவில் வைத்து, அதைப் பயணப் பெட்டிக்குள் அடுக்கினாள். அவள் போய்விட்டாள். கனடாவில் இருந்து முதல் முதல் வீடியோவில் கதைத்தபோது அவளுடைய தலைக்குப் பின்னால் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் அதைத்தான் பார்த்தது.

ஒரு மாதம் கழிந்திருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ரீச்சர் கிண்ணியாத் தயிர்ச் சட்டியோடு வந்து நின்றார். ஒரு காரணமும் சொல்லவில்லை. கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் சுவரில் இருந்த அடம்பம்பூவைப் பார்த்தார். பிறகு, "வீடு வெறிச்செண்டு இரிக்கி, என்ன ரீச்சர்?" என்றார். ஓம் என்றேன். கோப்பையில் தயிரை எடுத்துச் சீனி போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "ரீச்சர், ஒண்டு சொல்லட்டா? கோவிக்கக் கூடாது. எனக்கு உங்களக் காணக்குள்ள எல்லாம் வயிறு எரியும்."

நான் சொல்ல வேண்டிய வசனத்தை அந்த மனுசி சொல்லிவிட்டார்.

"உங்கட மகள் என்ட ரூமுக்கு வந்தா வாயத் தொறக்கிறதே அம்மா சொன்னவ எண்டுதான். நான் பூவப் பிய்ச்சா, 'அம்மா சொன்னவ, பூவ முழுசா வெக்கணும்.' நான் தாள் மாத்த மறந்தா, 'அம்மா சொன்னவ, ஒவ்வொரு நாளும் மாத்தணும்.' நாலு பேருக்கு முன்னால என்ட கையால செஞ்சத வெச்சா, நான் வாயத் தொறக்க முந்தி 'இது எங்கட அம்மா காட்டிக் குடுத்தது' எண்டு அவ சொல்லிப்போடுவா. எனக்கு எப்பிடி இரிக்கும்? அதுக்குத்தான் ரீச்சர், அவ சொல்றதுக்கு முந்தி நானே சொல்லத் தொடங்கினனான், எல்லாம் சயன்ஸ் ரீச்சர் படிப்பிச்சது எண்டு. அப்பிடியெண்டாலும் நல்ல மனுசியெண்டு பேராவது மிஞ்சுமே."

"அப்ப அந்தப் பேர்ச்சீட்டு?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"நான்தான் வெட்டினன். வடிவில்ல எண்டு புள்ளைக்குச் சொன்னன். உண்மையில அதப் பாக்கப் பாக்க எரிச்சலா இரிந்திச்சு. தாயும் மகளும் பேர் போட்டு! எனக்கெண்டு அதுல ஒரு எழுத்தாவது இரிக்கா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு பெரிய சந்தோசம். என் வீட்டுச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ரீச்சர் சொன்னவ. ரீச்சரின் மேசைக்கு முன்னால் அம்மா சொன்னவ. கள்ளி! இரண்டு பேரையும் எரிய வைத்துவிட்டுப் பறந்துவிட்டாள். தயிரில் இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டு ரீச்சரிடம் நீட்டினேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மகள்தான். இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவளுக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது. "எங்க பிள்ளை, மாலைக் கண்ணாடி?" என்று நான் கேட்க முன்னம் ரீச்சர் கேட்டுவிட்டார்.

"அதோ? மாமி சொன்னவ, இஞ்ச ஹீற்றருக்குக் கிட்ட மாட்டினால் நிறம் போயிடும் எண்டு. கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். மாமிக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும் அம்மா. மேப்பிள் இலையைக் காயவைச்சு மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைச்சிருக்கிறா, அப்பிடி ஒரு வடிவு! மாமி சொன்னவ, முதலில தாளுக்கு நடுவில வைச்சு அயன் பண்ணோணுமாம்..." நானும் ரீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமி சொன்னவ. எத்தனை வருசமாக அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் அடிபட்டோம். மகள் நிறுத்தவில்லை. "அம்மா, மாமி அந்த அடம்பம்பூவைப் பற்றிக் கேட்டவ. நிறம் எப்பிடி நிண்டது எண்டு அவவுக்கு ஆச்சரியம். ஆரும் இஞ்சால வரேக்க அதைக் குடுத்துவிடுங்கோ. மாமிக்குக் குடுக்கப் போறன்."

"ஏலாது!" என்றோம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்தில். குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அந்தப் பக்கத்தில் பிள்ளை, "ஏன்?" என்றாள். "கடல் தாண்டினா அந்தப் பூ உதிர்ந்துபோகும்" என்று ரீச்சர் ஒரு பொய்யைச் சொன்னார். "ஓம் பிள்ளை, உதிர்ந்துபோகும்" என்று ஒரு விஞ்ஞான ஆசிரியை அதற்குச் சாட்சி சொன்னாள். போனை வைத்தோம். பிறகு ரீச்சர் தயிர்க் கோப்பையை வழித்தபடி சொன்னார்: "கவலப்படாதீங்க ரீச்சர். இவ வாய் எனக்குத் தெரியும். அம்மா சொன்னவ, ரீச்சர் சொன்னவ எண்டு சொல்லிச் சொல்லியே அங்க அந்த மாமிட உயிர எடுத்திரிப்பா." அதைக் கேட்டபோது என் வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் வார்த்த மாதிரி இருந்தது. இருந்தாலும் மேப்பிள் இலையை அயன் பண்ணினால் நிறம் நிற்காது. அதையும் நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டோம்.

இப்போது ரீச்சர் மாதத்தில் ஒரு தடவையாவது வருகிறார். வந்தால் முதல் வேலையாகச் சுவரில் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத தூசியை முந்தானையால் துடைப்பார். அவர் போன பிறகு நான் ஒரு தரம் துடைப்பேன். நேற்றுப் பின்னேரம் முன்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அறிமுகத்துக்கு வந்தாள். கதிரையில் இருக்க முன்னமே கேட்டாள்: "அன்ரி, என்ன வடிவான பூ! ஆர் செய்தது?" நான் வழமையான இரண்டு வசனத்துக்கும் வாயைத் திறந்தேன். பிறகு, "நாங்கள்தான். நானும் எங்கட ரீச்சரும்" என்றேன். அவள் கிட்டப் போய் நின்று பார்த்தாள். கேற்றடி மட்டும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. கேற்றுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, பூவைக் காயவைச்சது நான்."